விசார்ட் கட்ட மூன்று வழிகள்: க்யூவிசார்ட், கைக்கட்டு, ஒரே படிவம்

பைத்தானும், க்யூடி என்ற இடைமுகக் கருவித்தொகுப்பைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைசைட்6-உம் கொண்டு மேசைக்கணினி மென்பொருள் எழுதுகிறவர்கள் பலர் ஒரே கேள்வியோடு எழுதியிருக்கிறார்கள். பயனரைப் படிப்படியாக அழைத்துச் செல்லும் விசார்ட் ஒன்று தேவைப்படுகிறது. க்யூடி கொடுக்கும் க்யூவிசார்டை அப்படியே எடுத்துக்கொள்வதா? க்யூஸ்டாக்டுவிட்ஜெட்டில் பக்கங்களை அடுக்கி, பொத்தான்களை நாமே வைத்துக் கட்டுவதா? இல்லை, படிகளே வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் வைத்துவிடுவதா?

எழுதியவர்களில் பெரும்பாலோர் தோற்றத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். தோற்றத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். முதலில் முடிவாக வேண்டியது வேறொன்று: பயனர் நான்காம் பக்கத்திலிருந்து ‘முந்தைய’ பொத்தானை அழுத்தி இரண்டாம் பக்கத்துக்குப் போய், அங்கே ஒன்றை மாற்றிவிட்டுத் திரும்பினால் என்ன நடக்க வேண்டும்? இதற்குத் தெளிவான பதில் வைத்திருப்பவருக்கு மூன்றில் எது பொருந்தும் என்பது தானாகவே தெரிந்துவிடும். பதில் இல்லாமல் நிரல் எழுதத் தொடங்கினால், எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அவதிதான்.

## எடுத்துக்கொண்ட உதாரணம்

ஒரு சிறு நூலகம். பல ஆண்டுகளாக எக்செல்லில் வைத்திருந்த நூற்பட்டியலைப் புதிய நூலக மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டும். கோப்பைத் தேர்ந்தெடுப்பது, எழுத்துகள் கோப்பில் பதிவாகும் முறையான குறியாக்கத்தை உறுதிசெய்வது, நெடுவரிசைகளைப் பிரிக்கும் குறியான பிரிப்பானைச் சொல்வது, எந்த நெடுவரிசை எந்தப் புலத்துக்கு என்று பொருத்துவது, ஏற்கெனவே உள்ள நூல் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று கேட்பது, ஒருமுறை முழுதாகக் காட்டிச் சம்மதம் வாங்குவது, பிறகு ஏற்றுவது. விசார்ட் என்றாலே நினைவுக்கு வரும் வேலை இது.

தமிழ்ப் பட்டியல் என்பதால் இரண்டாம் படி கொஞ்சம் சிக்கலானது. எக்செல்லில் வெறும் ‘சிஎஸ்வி’ (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடுகின்றன. யூனிகோட் எழுத்துகளைத் தாங்கும் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால்தான் தப்பும். அப்படிச் சேமித்த கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் அடையாளம் ஒன்று சேர்ந்துகொள்ளும். பைத்தானில் அதை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்ற குறியாக்கத்தில் திறக்காவிட்டால், அந்த அடையாளம் முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். ‘நூல் பெயர்’ என்று திரையில் சரியாகத் தெரிகிற தலைப்பு, ஒப்பிடும்போது பொருந்தாமல் போகும். இன்னும் பழைய பட்டியல், பழைய தமிழ்க் குறியாக்கமான திஸ்கியில் இருக்கக்கூடும். பைத்தானின் உள்ளமைந்த குறியாக்கங்களில் திஸ்கி இல்லை, அதற்குத் தனியாக ஒரு மாற்றி வேண்டும்.

ஆகவே எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே பாதை கிடையாது. நல்ல யூடிஎஃப்-8 கோப்புக்குக் குறியாக்கப் பக்கமே தேவையில்லை. திஸ்கி கோப்புக்கு ஒரு பக்கம் கூடுகிறது. கேள்விக்குறிகள் நிறைந்த கோப்பென்றால் விசார்ட் முதல் பக்கத்திலேயே நின்று, எக்செல்லில் மறுபடி சேமித்து வரச் சொல்ல வேண்டும். போன எழுத்துகளை யாராலும் மீட்க முடியாது. அதை ஆறு பக்கம் கடந்தபின் சொல்வது பயனருக்குச் செய்யும் கொடுமை.

## எதை வைத்து எடை போடுவது

பின்னால் போகும்போது தரவின் கதி. பயனர் உள்ளிட்டதில் எது நிலைக்க வேண்டும், எது புதுப்பிக்கப்பட வேண்டும், எது செல்லாமல் போக வேண்டும்? மற்ற அளவுகோல்கள் எல்லாவற்றையும்விட இதற்கு நான் அதிக எடை கொடுக்கிறேன்.

கிளைகள். எல்லாருக்கும் ஒரே வரிசைதானா, பதிலைப் பொறுத்துப் பாதை மாறுமா?

சரிபார்ப்பு எவ்வளவு நேரம் பிடிக்கும். ஒரு புலம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது கணத்தில் முடியும். பத்தாயிரம் வரிகளில் நூல்களின் ஐஎஸ்பிஎன் அடையாள எண்களைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவது அப்படியல்ல.

திரும்ப முடியாத இடம். எந்தப் பொத்தானுக்குப் பிறகு உண்மையில் வேலை நடக்கிறது? அதன் பிறகு ‘ரத்து’ என்றால் என்ன பொருள்?

விசைப்பலகை. சுட்டியைத் தொடாமல் முழு விசார்டையும் முடிக்க முடிகிறதா? தமிழ் இடைமுகத்தில் இது தனிக் கவனம் கேட்கிறது.

யார், எத்தனை முறை. ஆண்டுக்கு ஒருமுறை செய்பவரா, வாரந்தோறும் செய்பவரா?

## முதல் வழி: க்யூவிசார்ட்

க்யூவிசார்ட் 2007-இல், க்யூடி 4.3 பதிப்போடு வந்தது. ஒவ்வொரு படியும் ஒரு க்யூவிசார்ட்பேஜ். ‘அடுத்து’, ‘முந்தைய’, ‘ரத்து’, ‘முடி’ பொத்தான்கள், தலைப்புப் பகுதி, பக்கங்களின் வரலாறு எல்லாம் தயாராகக் கிடைக்கின்றன. கிளை வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் கொடுத்து, நெக்ஸ்ட்ஐடி என்ற ஃபங்ஷனில் அடுத்த பக்கத்தின் எண்ணைத் திருப்பித் தர வேண்டும். கழித்தல் ஒன்று திருப்பினால் அதுவே கடைசிப் பக்கம். நம் உதாரணத்தில் கோப்பு யூடிஎஃப்-8 என்றால் குறியாக்கப் பக்கத்தைத் தாண்டிப் போகச் சொல்வது இரண்டு வரி நிரல். பின்னால் வரும்போது பயனர் பார்க்காத பக்கத்தைக் காட்டாமல், வந்த வழியே திரும்பக் கொண்டுபோகும். கைக்கட்டில் பலரும் இடறி விழுகிற இடம் இது. இங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை: பொத்தான்களின் நிலையைத் தீர்மானிக்க க்யூடி நெக்ஸ்ட்ஐடியை அடிக்கடி அழைக்கும். அதற்குள் கோப்பைத் திறப்பது, தரவுத்தளத்தைத் தொடுவது போன்ற வேலைகளை வைக்கக் கூடாது.

மறைமுகச் செலவுகள் ரிஜிஸ்டர்ஃபீல்டு வசதியில் தொடங்குகின்றன. ஒரு பக்கத்தில் உள்ள உள்ளீட்டுப் பெட்டியைப் பெயர் கொடுத்துப் பதிவுசெய்தால், வேறெந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பெயரால் மதிப்பை எடுக்கலாம். பெயரின் முடிவில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால், அந்தப் புலம் நிரம்பும்வரை ‘அடுத்து’ பொத்தான் உயிர் பெறாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘நிரம்பியது’ என்பதை க்யூடி எப்படி முடிவுசெய்கிறது என்று பாருங்கள். பதிவுசெய்த நேரத்தில் இருந்த மதிப்பிலிருந்து இப்போதைய மதிப்பு மாறியிருக்கிறதா என்பதே அதன் கணக்கு. பிரிப்பான் பெட்டியில் காற்புள்ளியை முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெட்டியைக் கட்டாயப் புலமாகப் பதிவுசெய்தால், பயனர் அதை மாற்றினால் தவிர நகர முடியாது. சரியான மதிப்பு கண்ணெதிரே இருக்கும், பொத்தானோ மங்கிக் கிடக்கும். காலியாக இருக்கும்போதே பதிவுசெய்துவிட்டு, மதிப்பை, பக்கத்தைக் காட்டும் முன் க்யூடி அழைக்கும் இனிஷியலைஸ்பேஜ் என்ற ஃபங்ஷனில் நிரப்புவதே சரியான வரிசை.

கீழிறங்கு பட்டியலிலும் ஒரு பொறி உண்டு. க்யூகாம்போபாக்ஸைச் சும்மா பதிவுசெய்தால் கிடைப்பது தேர்ந்தெடுத்த சொல் அல்ல, அதன் வரிசை எண். ‘திஸ்கி’ என்று எதிர்பார்த்த இடத்தில் 2 வந்து நிற்கும். எந்தப் பண்பு வேண்டும் என்று பதிவுசெய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

இவையெல்லாம் ஒருமுறை தெரிந்துகொண்டால் தீர்ந்தன. பெரிய செலவு ‘முந்தைய’ பொத்தானில் இருக்கிறது. இயல்பு நிலையில், ஒரு பக்கத்தை விட்டுப் பின்னால் போனதும் க்யூடி அந்தப் பக்கத்தின் க்ளீன்அப்பேஜை அழைக்கிறது. அது பதிவுசெய்த புலங்களைப் பழைய மதிப்புக்கு மாற்றிவிடும். பதிவுசெய்யாத பாகங்களை அது தொடாது. நூலக உதாரணத்தில் இதன் விளைவு இப்படி: நெடுவரிசைப் பொருத்தப் பக்கத்தில் ‘முதல் வரி தலைப்பு’ என்ற டிக் பெட்டி பதிவானது, பொருத்த அட்டவணை பதிவாகாதது. பயனர் பிரிப்பானை மாற்றப் பின்னால் போகிறார். டிக் பெட்டியில் அவர் செய்த தேர்வு அழிகிறது. அட்டவணையோ பழைய நெடுவரிசைகளோடு அப்படியே நிற்கிறது, பிரிப்பான் மாறியதால் அந்த நெடுவரிசைகள் இப்போது கோப்பிலேயே இல்லாமல் போயிருந்தாலும். நிலைக்க வேண்டியது போய்விட்டது, போக வேண்டியது நிலைத்துவிட்டது.

இதைத் தவிர்க்க இன்டிபென்டென்ட்பேஜஸ் என்ற விருப்பத்தை வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அதை வைத்தால் எதுவும் அழியாது, உண்மைதான். ஆனால் இனிஷியலைஸ்பேஜும் முதல் முறை மட்டுமே அழைக்கப்படும். முந்தைய பக்கத்தின் பதிலைப் பார்த்து முன்னோட்டம் தயாரிக்கும் பக்கம், இரண்டாம் முறை வரும்போது பழைய முன்னோட்டத்தையே காட்டும். ஒன்றையொன்று சாராத பக்கங்களுக்கு மட்டுமே அந்த விருப்பம் உகந்தது. சார்ந்த பக்கங்கள் உள்ள விசார்டில் க்ளீன்அப்பேஜை எதுவும் செய்யாத ஃபங்ஷனாக மாற்றி எழுதிவிட்டு, இனிஷியலைஸ்பேஜில் ‘முன்பு இருந்ததில் இப்போதும் செல்லுபடியாவது எது’ என்று பார்த்துப் புதுப்பிப்பதே சரி.

சரிபார்ப்பு வேலையைச் செய்யும் வேலிடேட்பேஜ் உண்மை அல்லது பொய் என்று உடனே பதில் தர வேண்டிய ஃபங்ஷன். பத்தாயிரம் வரிச் சோதனையை அதற்குள் வைத்தால் சாளரம் உறைந்துவிடும். அப்படிப்பட்ட சோதனையைத் பின்னணியில் தனி த்ரெட்டில் ஓடவிட்டு, பக்கம் முடிந்ததா என்று சொல்லும் இஸ்கம்ப்ளீட் பொய் என்று சொல்லிக்கொண்டிருக்கும்படி வைத்து, சோதனை முடிந்ததும் கம்ப்ளீட்சேஞ்ச்டு சிக்னலை எழுப்ப வேண்டும்.

திரும்ப முடியாத இடத்துக்குச் செட்கமிட்பேஜ் இருக்கிறது. சம்மதம் வாங்கும் பக்கத்தில் இதை வைத்தால் ‘அடுத்து’ இருந்த இடத்தில் ‘கமிட்’ பொத்தான் வரும். அதன் அடுத்த பக்கத்தில் ‘முந்தைய’ செயலிழந்திருக்கும். ‘ரத்து’ மட்டும் உயிரோடு இருக்கும், எஸ்கேப் விசையும் வேலை செய்யும். ஏற்றம் பாதியில் நிற்கும்போது எஸ்கேப் அழுத்தினால் என்ன ஆகும் என்பதை ரிஜெக்ட் ஃபங்ஷனை மாற்றி எழுதி நாமே தீர்மானிக்க வேண்டும். தரவுத்தளம் எஸ்க்யூலைட் என்றால் முழு ஏற்றத்தையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வையுங்கள். ரத்து செய்தால் எல்லாவற்றையும் சுத்தமாகத் திரும்பப் பெறலாம். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக வட்டில் எழுதி உறுதிசெய்யும் செலவும் மிச்சமாவதால் வேகமும் பல மடங்கு கூடும். பைத்தானில் எஸ்க்யூலைட் இணைப்பை உருவாக்கிய த்ரெட்டுக்கு வெளியே பயன்படுத்தினால் இயல்பு நிலையில் பிழை எழும். ஆகவே இணைப்பை ஏற்றம் நடக்கும் த்ரெட்டுக்குள்ளேயே திறக்க வேண்டும். எந்த வழியில் விசார்ட் கட்டினாலும் எஸ்க்யூலைட் பற்றிய இந்த அறிவுரை பொருந்தும்.

தமிழ்ப் பொத்தான்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘அடுத்து’ என்று பெயரை மாற்றினால், ஆங்கிலப் பெயரோடு வந்த ஆல்ட் குறுக்குவிசை போய்விடும். எழுத்தை மாற்றும்போது பழைய குறுக்குவிசையைக் க்யூடி அழித்துவிடுகிறது. தமிழ் எழுத்தையே குறுக்குவிசையாக வைத்தால், ஆங்கில விசைப்பலகை இயங்கும்போது அது பயன்படாது. பெயரை மாற்றிய பிறகு, ஆல்ட்டோடு ஓர் ஆங்கில எழுத்தைத் தனியாகக் குறுக்குவிசையாகப் பொருத்திவிடுங்கள். நாள் முழுதும் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது பெரிய உதவி.

தோற்றத்தில் நான்கு பாணிகள் உண்டு: கிளாசிக், மாடர்ன், மேக், ஏரோ. இயங்குதளத்தைப் பொறுத்து இயல்பாக ஒன்று வந்து அமரும். ஏரோ பாணி விண்டோஸ் விஸ்டா காலத்தது, ‘முந்தைய’ பொத்தான் சாளரத்தின் மேல் மூலையில் அம்புக்குறியாக நிற்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேண்டுமென்றால் மாடர்ன் என்று நிலைப்படுத்திவிடலாம். இடப்பக்கத்தில் படிகளின் பட்டியல் தானாக வராது. அதற்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், நிரப்ப வேண்டியது நாம்.

எப்போது இது நல்லது: பக்கங்கள் நான்கிலிருந்து எட்டுக்குள், தனி உரையாடல் சாளரம் போதும், வடிவமைப்பாளர் வரைந்து கொடுத்த சிறப்புத் தோற்றம் எதுவும் இல்லை என்றால்.

## இரண்டாம் வழி: க்யூஸ்டாக்டுவிட்ஜெட்டில் கைக்கட்டு

பக்கங்களை ஒரு அடுக்கில் வைத்து, கீழே நாமே பொத்தான்கள் போட்டுக்கொள்கிறோம். அடிப்படை முப்பது வரியில் ஓடத் தொடங்கிவிடும். அந்த வேகம்தான் பலரை ஏமாற்றுகிறது.

முதலில் இடறுவது வரலாறு. ‘முந்தைய’ அழுத்தினால் பக்க எண்ணில் ஒன்றைக் கழிப்பது என்று எழுதிவிடுவார்கள். குறியாக்கப் பக்கத்தைத் தாண்டி வந்தவர் பின்னால் போனால், அவர் கண்ணிலேயே படாத பக்கம் எதிரே வந்து நிற்கும். கடந்துவந்த பக்கங்களைத் தனிப் பட்டியலில் சேர்த்துவைத்து அதிலிருந்து எடுப்பது கட்டாயம்.

அடுத்தது விசைப்பலகை. பக்கம் மாறியதும் புதிய பக்கத்தின் முதல் பெட்டிக்குக் கவனத்தைக் கொண்டுபோவது நம் பொறுப்பு. அதைச் செய்யாவிட்டால் திரைவாசிப்பானை நம்பி இருப்பவருக்குப் பக்கம் மாறியதே தெரியாமல் போகக்கூடும். டேப் வரிசை இயல்பாக, பாகங்களை உருவாக்கிய வரிசையில் அமையும். பொத்தான்களை முதலில் உருவாக்கிவிட்டுப் பக்கங்களைப் பிறகு சேர்த்தால், டேப் அழுத்துகிறவர் பெட்டிகளுக்கு முன் பொத்தான்களைச் சந்திப்பார். என்டர் அழுத்தினால் ‘அடுத்து’, எஸ்கேப் அழுத்தினால் ‘ரத்து’, சாளரத்தின் மூடு குறியை அழுத்தினால் ‘வேலை பாதியில் இருக்கிறது, மூடலாமா’ என்ற கேள்வி: ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். அடுக்கின் அளவை அதிலுள்ள மிகப் பெரிய பக்கம் தீர்மானிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பொருத்த அட்டவணை அகலமாக இருந்தால், ஒரே ஒரு கோப்புப் பெட்டி உள்ள முதல் பக்கமும் அதே அகலத்துக்கு விரியும்.

இத்தனை செலவுக்குப் பதிலாகக் கிடைப்பது முழு அதிகாரம். விசார்டை முதன்மைச் சாளரத்துக்குள்ளேயே வைக்கலாம். இடப்பக்கப் பட்டியலில் முடித்த படியைச் சொடுக்கி நேராக அங்கே தாவ விடலாம். பாதியில் நிறுத்தி நாளை தொடரலாம். இவற்றில் இரண்டு தேவை என்றால்கூட க்யூவிசார்டோடு மல்லுக்கட்டுவதைவிடக் கைக்கட்டு மேல்.

இந்த வழியில் போகிறவர்கள் ஒரு ஒழுங்கை விடக் கூடாது. பயனர் சொன்னதையெல்லாம் பக்கங்களின் பெட்டிகளுக்குள் விட்டுவைக்காமல், ‘இறக்குமதித் திட்டம்’ என்று ஒரு டேட்டாகிளாஸில் (தரவை வைத்திருப்பதற்கான பைத்தான் வகுப்பு) சேருங்கள்: கோப்பின் பாதை, குறியாக்கம், பிரிப்பான், தலைப்பு வரி உண்டா, நெடுவரிசைப் பொருத்தம், நகல் வந்தால் என்ன செய்வது. பக்கங்கள் திட்டத்தைக் காட்டவும் மாற்றவும் மட்டுமே செய்யும். அடுத்த பக்கம் எது என்பதை, திட்டத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் ஒரு ஃபங்ஷன் முடிவுசெய்யும். அதில் சாளரமே இல்லாததால் சோதனை எழுதுவது எளிது.

பிரிப்பான் மாறினால் பொருத்தம் என்ன ஆகும் என்பதும் இங்கேதான் தீர்மானமாகும். நான் பரிந்துரைப்பது இது: பொருத்தத்தை நெடுவரிசை எண்ணால் வைக்காமல் தலைப்பின் பெயரால் வையுங்கள். கோப்பை மறுபடி பிரித்ததும், பழைய தலைப்பு புதிய பட்டியலிலும் இருந்தால் அந்தப் பொருத்தம் நிலைக்கட்டும். இல்லாததை நீக்கி, ‘மூன்று நெடுவரிசைகளை மறுபடி பொருத்த வேண்டும்’ என்று பக்கத்தின் மேலே சொல்லுங்கள். கால்மணி நேரம் உட்கார்ந்து பொருத்தியவரின் உழைப்பை மதிப்பது என்றால் இதுதான்.

எப்போது இது நல்லது: தாவிச் செல்லும் வசதி, பாதியில் சேமிப்பது, சொந்தத் தோற்றம் தேவைப்படும்போது, பராமரிக்க ஆளும் இருக்கும்போது.

## மூன்றாம் வழி: படிகளை விட்டுவிட்டு ஒரே படிவம்

இந்த வழியைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. ‘இறக்குமதி’ என்ற சொல்லைக் கேட்டதும் விசார்ட் என்று கை போய்விடுகிறது.

எக்செல்லின் பழைய உரை இறக்குமதி விசார்ட் மூன்று படிகள் கொண்டது. முதல் படியில் கோப்பின் குறியாக்கம், இரண்டாம் படியில் பிரிப்பான், மூன்றாம் படியில் நெடுவரிசைகளின் வகை. நீண்ட குறியாக்கப் பட்டியலில் தேடி ‘65001’ என்ற எண்ணோடு நிற்கும் யூடிஎஃப்-8-ஐக் கண்டுபிடிக்க வேண்டும். லிப்ரெஆஃபீஸ் கால்க்கில் அதே கோப்பைத் திறந்தால் ஒரே சாளரம் வருகிறது: மேலே எழுத்துத் தொகுதி, நடுவில் பிரிப்பான்கள், கீழே முன்னோட்டம். குறியாக்கத்தை மாற்றினால் கீழே எழுத்துகள் உடனே மாறுகின்றன. பிரிப்பானை மாற்றினால் நெடுவரிசைகள் உடனே பிரிகின்றன. ‘முந்தைய’ பொத்தானே இல்லாததால் அதன் சிக்கல்களும் இல்லை. எக்செல்லின் புதிய பதிப்புகளும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. உரைக் கோப்பை எடுக்கும் புதிய வசதியில் குறியாக்கமும் பிரிப்பானும் முன்னோட்டமும் ஒரே சாளரத்தில் இருக்கின்றன. பழைய விசார்ட் வேண்டுமென்றால் விருப்பங்களுக்குள் போய்த் தேடி இயக்க வேண்டும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: ஒரு தேர்வின் விளைவைப் பார்த்துத்தான் அந்தத் தேர்வு சரியா என்று பயனருக்குத் தெரியும் என்றால், தேர்வும் விளைவும் ஒரே திரையில் இருக்க வேண்டும். குறியாக்கமும் பிரிப்பானும் முன்னோட்டமும் அப்படிப்பட்டவை. அவற்றை மூன்று பக்கமாகப் பிரிப்பது பயனரை முன்னும் பின்னும் அலைய விடுவதாகும்.

வாரந்தோறும் ஏற்றுகிற நூலக ஊழியருக்கு இதுவே சரி. சென்ற முறை வைத்த அமைப்புகளைக் க்யூசெட்டிங்ஸில் நினைவில் வைத்துவிட்டால், கோப்பைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்துவதோடு வேலை முடிகிறது. அதே வேலைக்கு ஏழு முறை ‘அடுத்து’ அழுத்தச் சொல்வது அவருடைய நேரத்தை வீணாக்குவது.

செலவு எங்கே? முதன்முறை வருகிறவர் முன் பதினைந்து பெட்டிகள் ஒன்றாக நிற்கும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாது. 1366-க்கு 768 அளவுள்ள சிறிய மடிக்கணினித் திரையில் எல்லாம் அடங்காது, உருள்பகுதி வைத்தால் ‘ஏற்று’ பொத்தான் கண்ணில் படாமல் போகும். அந்தப் பொத்தானை உருள்பகுதிக்கு வெளியே வைக்க வேண்டும். கிளைகள் மூன்றுக்கு மேல் போனால் எந்தப் பெட்டி எப்போது மங்க வேண்டும் என்ற விதிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

எப்போது இது நல்லது: அடிக்கடி செய்யும் வேலை, விளைவு உடனே தெரிய வேண்டிய தேர்வுகள், குறைந்த கிளைகள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | க்யூவிசார்ட் | கைக்கட்டு | ஒரே படிவம் |
|---|---|---|---|
| பின்னால் போனால் | இயல்பில் பதிவுசெய்த புலங்கள் அழியும், மாற்றி எழுத வேண்டும் | நாம் எழுதியபடி | கேள்வியே எழாது |
| கிளைகள் | எளிது, வரலாறும் தானாக வரும் | வரலாற்றை நாமே வைக்க வேண்டும் | இரண்டு மூன்றுவரை தாங்கும் |
| மெதுவான சரிபார்ப்பு | சுற்றுவழியில் முடியும் | இயல்பாக முடியும் | இயல்பாக முடியும் |
| திரும்ப முடியாத இடம் | கமிட் பக்கம் உண்டு | நாமே எழுத வேண்டும் | ஒரு உறுதிக் கேள்வி போதும் |
| விசைப்பலகை | பெரும்பகுதி தயார் | முழுதும் நம் வேலை | டேப் வரிசை மட்டும் பார்த்தால் போதும் |
| முதல்முறைப் பயனர் | நன்று | நன்று | தடுமாறுவார் |
| தினசரிப் பயனர் | சலிப்பார் | தாவும் வசதி இருந்தால் நன்று | மிக நன்று |

## வேறு கருவிகளில் எழுதுகிறவர்களுக்கு

விண்டோஸ் மென்பொருளுக்கான விண்ஃபார்ம்ஸில் விசார்டுக்கென்று தனிப் பாகம் கிடையாது. டேப்கன்ட்ரோலின் தலைப்புகளை மறைத்து விசார்டாகக் காட்டும் தந்திரம் பரவலாக உண்டு. தலைப்புகள் மறைந்தாலும் கன்ட்ரோல்-டேப் விசை வேலை செய்யும், பயனர் சரிபார்ப்பைத் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்கே போய்விடலாம். யூசர்கன்ட்ரோல்களை ஒரு பேனலில் மாற்றி மாற்றி வைப்பது பாதுகாப்பானது. விண்டோஸின் இன்னொரு கருவியான டபிள்யூபிஎஃப்பில் ஃப்ரேமும் பேஜும் உலாவியைப் போன்ற வரலாற்றைத் தருகின்றன. மேலே உள்ள பட்டையை மறைத்துவிட்டாலும், சுட்டியின் பின்செல் பொத்தான் பக்கத்தை மாற்றக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

லினக்ஸில் பரவலான ஜிடிகே பயன்படுத்துகிறவர்கள் அதன் விசார்ட் பாகமான ஜிடிகே-அசிஸ்டன்டைப் புதிய நிரலில் எடுக்க வேண்டாம். 2006-இல் வந்த அந்தப் பாகம், 2023-இல் 4.10 பதிப்போடு கைவிடப்பட்டவற்றின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஜாவாவில் எக்லிப்ஸின் ஜேஃபேஸ் விசார்ட் நன்றாகப் பண்பட்டது, ஸ்விங்கில் கார்ட்லேஅவுட்டைக் கொண்டு கைக்கட்டுதான்.

க்யூடியின் இடைமுக மொழியான க்யூஎம்எல்லில் எழுதினால், பக்கங்களை அடுக்கும் ஸ்டாக்வியூ கிடைக்கும். காம்போனென்டிலிருந்து தள்ளிய பக்கத்தை வெளியே எடுத்ததும் அது அழிந்துவிடும், அதிலுள்ள உள்ளீடுகளும் அதோடு போய்விடும். தரவைப் பக்கத்துக்கு வெளியே வைக்கும் ஒழுங்கு அங்கே இன்னும் கட்டாயம்.

## நூலகத்துக்கு என்ன செய்வேன்

மூன்றில் ஒன்றை மட்டும் எடுக்க மாட்டேன். கோப்பு, குறியாக்கம், பிரிப்பான், முன்னோட்டம் நான்கையும் ஒரே பக்கமாக்குவேன். பொருத்தம் இரண்டாம் பக்கம், நகல் விதியும் சம்மதமும் மூன்றாம் பக்கம், ஏற்றமும் முடிவும் நான்காம் பக்கம். இந்த நான்கையும் க்யூவிசார்டுக்குள் வைப்பேன். ஆனால் ரிஜிஸ்டர்ஃபீல்டைத் தொடாமல், தரவை இறக்குமதித் திட்ட டேட்டாகிளாஸில் வைத்து, க்ளீன்அப்பேஜை வெறுமையாக்கிவிடுவேன். அமைப்புகள் ஏற்கெனவே சேமித்திருந்தால் முதல் பக்கத்திலிருந்து நேராகச் சம்மதப் பக்கத்துக்குப் போக நெக்ஸ்ட்ஐடியில் வழி விடுவேன். பின்னொரு நாளில் கைக்கட்டு தேவைப்பட்டால், மாற வேண்டியது வெளிக்கூடு மட்டும்.

ஏற்கெனவே க்யூவிசார்டில் எழுதி, பின்னால் போகும்போது தரவு தொலைகிறது என்று தவிப்பவர்கள் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கமாகப் பதிவுசெய்த புலங்களை எடுத்துவிட்டு, அவற்றின் மதிப்புகளைத் திட்டத்துக்கு மாற்றிக்கொண்டே வரலாம். பக்கங்களுக்கிடையே அதிகமாகப் பயன்படும் புலத்திலிருந்து தொடங்குங்கள். நூலக உதாரணத்தில் அது பிரிப்பான். முதலில் எழுத வேண்டிய சோதனையும் அதைப் பற்றியதே: பொருத்தப் பக்கம்வரை போ, மூன்று நெடுவரிசைகளைப் பொருத்து, பின்னால் வா, பிரிப்பானைக் காற்புள்ளியிலிருந்து அரைப்புள்ளிக்கு மாற்று, மறுபடி காற்புள்ளிக்கே கொண்டுவா, முன்னே போ. மூன்று பொருத்தங்களும் அப்படியே இருந்தால் அடுத்த புலத்துக்குப் போகலாம்.